கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன்: ரத்தம் எவ்வளவு போகும், எப்படி அடக்குவார்கள்?

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை பார்க்கும் அக்கா ஒருவர் போன கோடையில் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். தோல் எண்ணெய் பட்டுப் பட்டு அவருடைய விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. பல தடவை துவைத்த துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மஞ்சள் பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். கர்ப்பப்பையின் முன்சுவரில் 7 சென்டிமீட்டரில் ஒரு ஃபைப்ராய்டு கட்டி, பின்சுவரில் சின்னதாக இன்னொன்று.

"ஓட்டை போட்டு எடுத்துடலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க தங்கச்சி. ஆனா ரத்தம் நெறையப் போகுமாமே?"

நான் புதுச்சேரியில் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்பது எத்தனை ஓட்டை, எத்தனை நாளில் வீட்டுக்குப் போகலாம், தழும்பு தெரியுமா என்பதைத்தான். ரத்தத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அந்த அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கட்டியைப் பற்றி. கர்ப்பப்பை என்பது தடித்த தசையால் ஆன பை. அந்தத் தசையிலேயே ஓரிடத்தில் செல்கள் பெருகி உருண்டையாகத் திரண்டால் அதுதான் ஃபைப்ராய்டு. தமிழில் நார்த்திசுக் கட்டி என்று எழுதுவார்கள். இது புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. எவ்வளவு சாதாரணம் என்றால், அமெரிக்காவில் ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், 50 வயதை எட்டும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்காவது இந்தக் கட்டி இருந்தது. நிறையப் பேருக்குத் தொந்தரவே தராது. தொந்தரவு தருகிறவர்களுக்குத்தான் மாதவிடாய் ஏழெட்டு நாள் நீள்வது, கட்டி கட்டியாக ரத்தம் போவது, அடிவயிறு கனப்பது எல்லாம். நம் பாட்டிமார் இதைப் பெரும்பாடு என்பார்கள். பொருத்தமான பேர்தான்.

கட்டி கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தால் கீழ்வழியாகவே கருவி விட்டு எடுத்துவிடலாம். வயிற்றில் ஓட்டையே தேவையில்லை. தசைச் சுவருக்குள்ளோ வெளிப்பக்கமோ இருக்கும் கட்டிக்குத்தான் லேப்ராஸ்கோப்பி. தொப்புளில் ஒரு துளை போட்டு கேமரா, அடிவயிற்றில் இரண்டு மூன்று சின்னத் துளைகளில் கருவிகள். கர்ப்பப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுப்பதற்கு மயோமெக்டமி என்று பேர். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

சரி, ரத்தம் எங்கிருந்து வருகிறது?

கட்டிக்குள்தான் ரத்தம் நிறைந்திருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எடுத்த கட்டியைத் தியேட்டரில் வெட்டிப் பார்த்தால் வெள்ளையாக, நூல்கண்டு சுற்றியதுபோல இருக்கும். சொட்டு ரத்தம் வராது. ரத்தக்குழாய்கள் எல்லாம் கட்டியைச் சுற்றியுள்ள உறையில்தான் இருக்கின்றன. கட்டி வளர வளர பக்கத்துத் தசை நசுங்கி ஒரு மெல்லிய உறைபோல ஆகிவிடும். அந்த உறைக்குள் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். கட்டியை உருவி எடுத்ததும் அங்கே ஒரு குழி. குழியின் சுவரெங்கும் திறந்த வாய்கள். ரத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷனில் அந்த நேரத்தில் டாக்டர் கர்ப்பப்பையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். துணியை வைத்து அழுத்தலாம். லேப்ராஸ்கோப்பியில் கையே உள்ளே போகாது. அதனால் ரத்தம் வந்த பிறகு ஓடிப்போய் அடைப்பதைவிட, வருவதற்கு முன்பே வழியை அடைப்பதுதான் இதில் எல்லாம்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் பெரும் அழுத்தத்தில் நிற்கிறது. அப்படியே தோண்டினால் அது தரையைப் பிளந்துகொண்டு மேலே பீறிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டேதான் நிலக்கரியை வெட்டுகிறார்கள். கர்ப்பப்பையிலும் வேலை அதே வரிசையில்தான் நடக்கிறது: முதலில் அழுத்தம், பிறகு வெட்டு.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான வேலை. அது நடப்பது தியேட்டரில் இல்லை, வீட்டில்.

ஹெச்பி என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பது ஹீமோகுளோபின். 100 மில்லி ரத்தத்தில் அது எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கு. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இதில் பெரும்பாடும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50, 55 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் சுமார் மூன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஆபரேஷனில் அரை லிட்டர் போய்விட்டது என்று வையுங்கள். போன அளவை சலைன் நிரப்பிவிடும். ஆனால் மிச்சமிருக்கும் ஹீமோகுளோபின் நீர்த்துப்போகும். 12-ல் போனவருக்கு 10 சொச்சம் மிஞ்சும். எழுந்து நடமாடுவார். 7-ல் போனவருக்கு 6-தான் மிஞ்சும். ரத்தம் ஏற்றாமல் முடியாது. ஒரே டாக்டர், ஒரே மேஜை, போனதும் அதே அரை லிட்டர்.

ரத்ததான முகாமில் கொடுப்பது பெரும்பாலும் 350 மில்லி. அதைக் கொடுக்கவே 12.5 இருக்க வேண்டும் என்று விதி. இதைச் சொன்னபோது அந்த அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய ஹெச்பி அன்றைக்கு 7.2.

அதனால் அவசரமில்லாத ஆபரேஷனை நான்கைந்து வாரம் தள்ளிவைத்து ஹெச்பியை ஏற்றுவார்கள். இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்பவர்களுக்கு மாத்திரை. காபி, டீயோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மாத்திரை வயிற்றைப் புரட்டினாலோ நாள் குறைவாக இருந்தாலோ நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றுவார்கள். "ரத்தம் ஏத்துறாங்களா?" என்று பயந்து கேட்பவர்கள் உண்டு. இல்லை, பழுப்பு நிறத்தில் பாட்டிலில் இறங்குவது இரும்பு மருந்துதான்.

இறைத்துக்கொண்டே இருக்கும் தொட்டியில் தண்ணீர் நிற்காது. மாதாமாதம் போகும் ரத்தத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். தீட்டு நாட்களுக்கு மட்டும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, அல்லது ஹார்மோன் மாத்திரை தருவார்கள். சிலருக்கு மாதம் ஒரு ஊசியாக லூப்ரோலைடு போன்ற மருந்து. இது மாதவிடாயைத் தற்காலிகமாக நிறுத்தி, கட்டியையும் சுருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடம்பு கொதிப்பது, வியர்ப்பது, தூக்கம் கெடுவது என்று மாதவிடாய் நிற்கும் வயதின் தொந்தரவுகளும் வரும். நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும். அதோடு, கட்டிக்கும் தசைக்கும் நடுவில் இருக்கும் பிரிவு மங்கிப்போய், உருவி எடுப்பது சில சமயம் கடினமாகிவிடும். அதனால் எல்லோருக்கும் போடுவதில்லை.

என் சித்தி இரண்டு வருஷம் பெரும்பாட்டோடு கஷ்டப்பட்டார். ஒரு இடத்தில் காட்டியபோது, "வயசானா தானா நின்னுடும், போம்மா" என்று ஹெச்பி கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்ட அன்றைக்குத்தான் ரத்தம் பார்த்தோம்: 5.8. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் நனைகிறது, கட்டியாகப் போகிறதா என்று வீட்டில் யாராவது முன்பே கேட்டிருக்கலாம். நானே கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல, அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, கஷாயம் எதுவானாலும் சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

இனி தியேட்டருக்குள்.

ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்பு சிலருக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை கீழ்வழியாக வைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் அதே மருந்து. கர்ப்பப்பைத் தசையின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ரத்தக்குழாய்கள் அவற்றின் இடுக்கு வழியே நுழைந்து போகின்றன. தசை சுருங்கினால் இழைகள் குழாயை முறுக்கிப் பிழிந்து மூடிவிடும். பிரசவமான தாய்க்கு ரத்தம் தானாக நிற்பது இந்த ஏற்பாட்டால்தான். மிசோப்ரோஸ்டால் அந்தச் சுருக்கத்தைத் தூண்டுகிறது.

டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசியும் உண்டு. உடம்பு உறையவைத்த ரத்தத்தை உடம்பே மறுபடி கரைக்கும். இந்த மருந்து அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. 1962-ல் ஜப்பானில் ஊட்டாகோ ஒகாமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கணவர் ஷோசுகேயும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. கட்டி ஆபரேஷனில் இதன் பலன் ஆய்வுக்கு ஆய்வு கூடக்குறைய வருகிறது. ஆனால் விலை குறைவு, பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானது. அதனால் பல இடங்களில் போடுகிறார்கள்.

நான் கண்ணால் பார்த்து ஒவ்வொரு முறையும் அசந்துபோவது வாசோபிரஸ்ஸின். நம் மூளையிலேயே சுரக்கும் ஹார்மோன் இது. சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ரத்தக்குழாயைச் சுருக்கவும் செய்யும். 20 யூனிட் மருந்தை 100 மில்லி அல்லது அதற்கும் அதிகமான சலைனில் கலந்து, நீளமான ஊசியால் கட்டியைச் சுற்றியுள்ள தசையில் செலுத்துவார்கள். கலப்பது எங்கள் வேலை. அளவைச் சத்தமாகச் சொல்லி இன்னொருவர் சரிபார்த்த பிறகே சிரிஞ்சில் எடுப்போம். செலுத்துவதற்கு முன் டாக்டர் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து "வாசோ போடறேன்" என்பார். அவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே "போடுங்க" என்ற பிறகுதான் ஊசி உள்ளே போகும். அப்புறம் திரையில் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்த கர்ப்பப்பை ஊசி குத்திய இடத்திலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போகும், உரித்த நுங்கு நிறத்துக்கு. அந்த வெளுப்பில் வெட்டினால் ரத்தம் கசிவதே கொஞ்சம்தான்.

அந்தப் "போடறேன், போடுங்க" சும்மா சம்பிரதாயத்துக்காக இல்லை. மருந்து தவறி நேராக ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் பிரஷர் தாறுமாறாக ஏறும், இதயத் துடிப்பு குறையும். அபூர்வமாக இதயம் நின்றும் போகலாம். அதனால் ஊசியைக் குத்தியதும் பின்னால் இழுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் ஏறி வந்தால் இடத்தை மாற்றுவார்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு இதைத் தவிர்த்து வேறு வழி தேடுவார்கள். இன்னொரு விஷயம், இதன் வேலை நிரந்தரமில்லை. சிறிது நேரத்தில் சுருக்கம் விடும், மூடியிருந்த வாய்கள் திறக்கும். அதற்குள் குழியைத் தைத்து முடித்திருக்க வேண்டும்.

கட்டி மிகப் பெரியதாகவோ பலவாகவோ இருந்தால் குழாயையே மூடுவதும் உண்டு. கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய தமனிகள் இரண்டு, வலமும் இடமுமாக. வீட்டில் குழாய் மாற்றும்போது கேட் வால்வை மூடுகிற மாதிரி, அவற்றில் கிளிப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அல்லது கர்ப்பப்பையின் கழுத்தைச் சுற்றி ரப்பர் குழாயால் இறுக்குவார்கள். இது புது யோசனை இல்லை. லண்டனில் விக்டர் பானி என்ற டாக்டர் வயிற்றைத் திறந்து செய்த காலத்திலேயே, 1920-களில், இதற்கென்று தனியாக ஒரு கவ்வி செய்து வைத்திருந்தார். கர்ப்பப்பை செத்துவிடாதா என்று கேட்கலாம். மேலிருந்து, சினைப்பைப் பக்கமாக வரும் குழாய்களும் அதற்குக் கொஞ்சம் ரத்தம் தருகின்றன. கொஞ்ச நேரத்துக்கு அது தாங்கும்.

வயிற்றை உப்பவைக்க ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு வாயுகூடத் தன் பங்குக்கு உதவுகிறது. அதன் அழுத்தத்தில் சின்னச் சிரைகள் நசுங்கி மூடிக்கொள்ளும்.

கட்டியை எடுக்கும் விதத்தில்தான் கைத்திறன். மேல்தசையைக் கீறினால் உள்ளே முத்துப்போல வெள்ளையாகக் கட்டி தெரியும். அந்த வெள்ளை தெரிகிற வரைக்கும் போக வேண்டும். அதற்கு முன்பே பக்கவாட்டில் பிரிக்கத் தொடங்கினால் உறையின் குழாய்வலைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. நுங்கை ஓட்டிலிருந்து கட்டைவிரலால் எடுப்போமே, சரியான இடுக்கில் விரல் நுழைந்தால் முழுசாக வழுக்கி வரும், தவறினால் கிழிந்து தண்ணீர் வடியும். கட்டியும் அப்படித்தான். திருகுபோன்ற ஒரு கருவியைக் கட்டிக்குள் முறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, உறையைப் பின்னால் தள்ளித் தள்ளி எடுப்பார்கள். கசியும் புள்ளிகளைக் கரண்டு வைத்துச் சுடுவார்கள். அதையும் அளவோடுதான். கண்டபடி சுட்டால் தசை வெந்து, தழும்பு பலவீனமாகி, பிறகு கர்ப்பமாகும்போது அந்த இடம் விட்டுப்போக வாய்ப்பு உண்டு. குழந்தை வேண்டும் என்று இருப்பவர்களுக்கு இது உயிர் போகிற விஷயம்.

கடைசியில் தையல்தான் நிரந்தரமாக ரத்தத்தை நிறுத்துகிறது. குழியை அடியிலிருந்து அடுக்கடுக்காக மூட வேண்டும். நீளக் கருவிகளை வைத்து உள்ளே முடிச்சுப் போடுவது நேரம் பிடிக்கும் வேலை; அந்த நேரம் முழுக்க ரத்தம் கசியும். இப்போது முள் வைத்த நூல் வந்திருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிப்பவர்களின் தூண்டிலைப் பார்த்திருப்பீர்கள். முள்ளின் நுனிக்குக் கீழே சின்னதாக ஒரு கொக்கி எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். உள்ளே போகும், திரும்பி வராது. இந்த நூல் நெடுக அப்படிக் கண்ணுக்குத் தெரியாத முட்கள். இழுத்தால் இறுகும், முடிச்சே இல்லாமல் அங்கேயே நிற்கும். தைக்கும் நேரமும் குறைகிறது, ரத்தமும் குறைகிறது.

முடிக்கும் முன் டாக்டர் வாயு அழுத்தத்தைக் குறைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பார். அழுத்தத்தால் மூடியிருந்த சிரை ஏதாவது இப்போது திறக்கிறதா? வாசோபிரஸ்ஸினின் சுருக்கம் விட்ட பிறகு தையல் ஓரம் கசிகிறதா? அந்தக் காத்திருப்பை அவசரப்படுத்துகிற டாக்டரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

இத்தனையும் செய்தும் சிலருக்கு ரத்தம் நிறையப் போகும். கட்டி பெரியதாக, எண்ணிக்கை அதிகமாக, தமனிக்குப் பக்கத்தில் இருந்தால் போகும். அப்போது லேப்ராஸ்கோப்பியை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறப்பார்கள். வெளியே காத்திருக்கும் உறவுக்காரர்கள் "ஆபரேஷன் ஃபெயிலா?" என்று பதறுவார்கள். இல்லை. உயிரைக் காப்பதற்காகச் சரியான நேரத்தில் எடுத்த முடிவு அது. மிக அரிதாக, வேறு வழியே இல்லாதபோது, கர்ப்பப்பையை எடுக்க நேரலாம். கையெழுத்து வாங்கும் படிவத்தில் இது இருக்கும். படித்துப் பாருங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். இந்தக் கட்டியை எத்தனை பேருக்கு இப்படி எடுத்திருக்கிறீர்கள், ரத்தம் ரிசர்வ் செய்ய வேண்டுமா, என் ஹெச்பி இதற்குப் போதுமா என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆபரேஷன் முடிந்த அன்றிரவு தலை கிறுகிறுத்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வயிறு உப்பிக்கொண்டே போனாலோ நர்ஸைக் கூப்பிடுங்கள். "தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்தேன்" என்று காலையில் சொல்கிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து தொந்தரவு பண்ணுங்கள். உள்ளே கசிந்தால் வெளியே தெரியாது. நாடியும் பிரஷரும்தான் சொல்லும்.

அந்த அக்காவுக்கு மூன்று தடவை இரும்பு மருந்து ஏற்றினார்கள். தீட்டு நாட்களுக்கு மாத்திரை. டீயை மட்டும் விட முடியவில்லை என்றார், நேரத்தை மாற்றிக்கொண்டார். ஆறு வாரத்தில் ஹெச்பி 10.9. ஆபரேஷன் அன்று நான்தான் உள்ளே இருந்தேன். முடிந்ததும், உள்ளிருந்து உறிஞ்சி எடுத்தது வந்து சேரும் சக்ஷன் ஜாரைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். ஜாரில் சிவப்பாக 950 மில்லி. அதை வெளியே இருப்பவர்கள் பார்த்தால் மயங்கிவிடுவார்கள். அதில் 750 நாங்கள் கழுவ ஊற்றிய சலைன். மீதி 200 மில்லிதான் ரத்தம். டாக்டர் கேட்டார், சொன்னேன், கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்.

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். "எவ்ளோ போச்சு தங்கச்சி?" என்றார். ஜன்னல் ஓரத்தில் இருந்த டீ டம்ளரைக் காட்டி, இதில் ஒன்றிரண்டு என்றேன்.